டி செல்கள்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற அந்த ஒரு நிமிஷத்திலும், ரிப்போர்ட்டுக்காக பெஞ்சில் காத்திருக்கும்போதும் ஜனங்கள் கேட்பதில் நிறைய கேள்வி எதிர்ப்பு சக்தியைப் பற்றித்தான் இருக்கும். விடை சொல்லப் போனால் பெரும்பாலும் டி செல்லில்தான் போய் நிற்கும். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது. நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

டி செல் என்றால் என்ன? உடம்பில் எங்கே இருக்கிறது?

ரத்தத்தின் வெள்ளணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. அதில் முக்கியமானவை பி செல்லும் டி செல்லும். பி செல் ஆன்டிபாடியைச் சுரந்து ரத்தத்தில் விடும், அது வெளியே மிதக்கிற கிருமியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வைரஸ் நம்முடைய செல்லுக்குள்ளேயே புகுந்துவிட்டால், அல்லது காசநோய்க் கிருமி நம் வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறிவிட்டால், ஆன்டிபாடி அங்கே எட்டாது. அங்கே டி செல்தான் போக வேண்டும்.

எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் என்ற சுரப்பியில் வளர்ந்து வெளியே வரும். ஒரு ஆளின் உடம்பில் சுமார் 40,000 கோடி டி செல்கள் இருக்கும் என்று ஒரு கணக்கு. ரத்தத்தில் ஓடுவது அதில் சொற்பம்தான், மீதியெல்லாம் நிணநீர் முடிச்சுகள், மண்ணீரல், குடல், தோல், நுரையீரல் என்று பரவிக் கிடக்கிறது. ஒவ்வொரு டி செல்லின் மேலும், கிருமியின் துண்டைப் பொருத்திப் பார்க்கிற ஒரு வகை ஏற்பி இருக்கும், பெரும்பாலும் ஒன்றின் ஏற்பி மற்றதற்கு இருக்காது. எந்தக் கிருமி வந்தாலும் அதைக் கண்டுகொள்ளக்கூடிய ஒன்றிரண்டாவது உடம்பில் எங்கோ இருக்கும் என்பதுதான் இந்த ஏற்பாடு.

நம் கடலில் பிடிபடுகிற சுறாவுக்கும் திருக்கைக்கும் சீலாவுக்கும் டி செல் உண்டு, தைமஸும் உண்டு. எலும்பு மீனோ குருத்தெலும்பு மீனோ, தாடை உள்ள ஏறக்குறைய எல்லா மீனுக்கும் இருக்கிறது. நண்டு, இறால், கணவாய்க்கு இல்லை. இறால் பண்ணையில் வெள்ளைப்புள்ளி நோய்க்கு, நம் குழந்தைகளுக்குப் போடுவதுபோல ஒரு தடுப்பூசி போட்டு நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதானால் தைமஸ் சுருங்கிவிடுமாமே, அப்போது டி செல் தீர்ந்துவிடுமா?

தீராது. தைமஸ் சின்ன வயதில்தான் மும்முரமாக வேலை செய்யும், பருவ வயதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். ஆனால் அதற்குள் வெளியே வந்த டி செல்கள் தாமே பிரிந்து பெருகி, பல பத்தாண்டுகள் இருக்கும். குறைந்துபோவது புது ரகங்கள். அறுபது எழுபதைத் தாண்டியவர்கள், இதுவரை பார்க்காத ஒரு கிருமி வந்தால் தடுமாறுவது அதனால்தான்.

இந்தச் சுரப்பியால் ஒரு பயனும் இல்லை என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த கையோடு எலிக்குட்டிகளின் தைமஸை அறுத்து எடுத்துப் பார்த்தார். லிம்போசைட்டுகள் குறைந்தன, குட்டிகள் நோயில் விழுந்தன, வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட அதன் உடம்பு எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டது. அதற்கு அப்புறம்தான் தைமஸுக்கு மரியாதை வந்தது.

அதற்குள் நடப்பது கடுமையான தேர்வு. நம் உடம்பின் செல் காட்டுகிற அடையாளத்தைப் படிக்கவே தெரியாத டி செல் முதல் கட்டத்தில் சாகும். நம் சொந்த உடம்பையே எதிரியாகப் பார்க்கிற டி செல் அடுத்த கட்டத்தில் சாகும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெளியே வராமல் உள்ளேயே முடிந்துவிடுகிறது. இவ்வளவு அழிவு எதற்கு என்று தோன்றலாம். தப்பான ஒன்று வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், படித்தால் புரியும்.

எத்தனை வகை டி செல் இருக்கிறது?

பெரிய பிரிவு இரண்டு. மேலே சிடி4 என்ற புரதம் இருந்தால் உதவி டி செல், சிடி8 இருந்தால் கொல்லும் டி செல். அப்புறம் கட்டுப்படுத்தும் டி செல், நினைவு டி செல் என்று இருக்கின்றன. தோலிலும் குடலிலும் காமா டெல்டா டி செல் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு, இங்கே அதற்குள் போகவில்லை.

உதவி டி செல் எந்தக் கிருமியையும் நேரே பிடிப்பதில்லை. கரைவலை இழுக்கும்போது அம்பா என்கிற இழுவைப் பாட்டைப் பாடுகிறவர் குரல் கொடுத்தால்தான் இரண்டு பக்கக் கயிற்றிலும் நிற்பவர்கள் ஒரே சீராக இழுப்பார்கள் அல்லவா, அந்த வேலைதான் இதற்கும். இது சைட்டோகைன் என்கிற ரசாயனச் செய்தியை விட்டால்தான் பி செல் தரமான ஆன்டிபாடி செய்யும், கொல்லும் டி செல் முழு வீச்சில் பெருகும், விழுங்கும் வெள்ளணு தான் விழுங்கியதைச் செரிக்கும். உதவி டி செல்லிலேயே உட்பிரிவு உண்டு. வைரஸுக்கும் காசநோய்க்கும் ஒன்று, கொக்கிப்புழு மாதிரிக் குடல் புழுவுக்கு இன்னொன்று, பூஞ்சைக்கும் சில பாக்டீரியாவுக்கும் மூன்றாவதாக ஒன்று. எந்த நோய்க்கு எந்தப் பிரிவு முன்னால் வருகிறது என்பதிலேயே நோயின் போக்கு மாறிவிடும். தொழுநோயைப் பாருங்கள், கிருமி ஒன்றுதான். சரியான பிரிவு வலுவாக எழுந்தவருக்கு ஒன்றிரண்டு தேமலோடு நிற்கும், எழாதவருக்கு உடம்பெல்லாம் பரவும்.

கொல்லும் டி செல் தொட்டுப் பார்த்து வேலை செய்யும். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லும் தனக்குள் தயாராகிற புரதங்களின் துண்டுகளை மேலே எடுத்து வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். காட்டுகிற தாங்கிக்கு எம்.எச்.சி. என்று பெயர். கொல்லும் டி செல் அதைத் தடவிக்கொண்டே போகும். வைரஸ் துண்டு தென்பட்டால் அந்தச் செல்லோடு ஒட்டி உட்காரும், பெர்ஃபோரின் என்ற புரதத்தால் சுவரில் துளை போடும், கிரான்சைம் என்பதை உள்ளே செலுத்தும், அந்தச் செல் வெடித்துச் சிதறாமல் தானே சுருங்கிச் சாகும். பிறகு அடுத்த செல்லுக்குப் போகும். வைரஸ் துண்டோடு நம் சொந்த எம்.எச்.சி.யும் சேர்ந்து பொருந்தினால்தான் அது கொல்லும் என்பதை 1970-களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹெர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகெல் இருவரும் கண்டுபிடித்தார்கள், 1996-இல் நோபல் பரிசு வந்தது.

சண்டை முடிந்ததும் பெருகிய டி செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும். மிச்சம் இருப்பதுதான் நினைவு டி செல். 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் பதினேழு வருஷம் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் கண்டுகொள்கிற டி செல்கள் இருந்தன. ஆன்டிபாடி குறைந்துவிட்டது என்பதாலேயே தடுப்பூசி வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

காலில் கெளுத்தி முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது ஏன்?

நெறி கட்டுகிற இடத்தில் நிணநீர் முடிச்சு இருக்கிறது. காயத்துக்குள் போன கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு டென்ட்ரைடிக் செல்கள் என்ற வெள்ளணுக்கள் நிணநீர் வழியாக ஏறி அந்த முடிச்சுக்கு வரும். அங்கே டி செல்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றாக வந்து உரசிப் பார்க்கும். பொருந்துகிற ஒன்று கிடைத்தால் அது அங்கேயே தங்கி இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிய ஆரம்பிக்கும். ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு முறை வரை பிரியும், இப்படிச் சில நாள் நடந்தால் ஒன்று பல ஆயிரமாகிவிடும். இடம் போதாமல் முடிச்சு வீங்கும், தொட்டால் வலிக்கும். முதல் தடவை வருகிற கிருமிக்கு உடம்பு ஒரு வாரம் எடுத்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான்.

காயம் ஆறினால் நெறியும் இறங்கிவிடும். இறங்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கிறது, முக்கியமாகக் கழுத்தில் வலியில்லாமல் கட்டி கட்டியாக இருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். காசநோய் கழுத்து நெறியிலும் வரும், கண்டமாலை என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

ரிப்போர்ட்டில் லிம்போசைட் 44% என்று வந்திருக்கிறது, டி செல் கூடிவிட்டதா?

அந்த எண்ணில் டி செல், பி செல், இன்னும் சில எல்லாம் சேர்ந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 20 முதல் 40 வரை வழக்கம், குழந்தைகளுக்கு அதைவிடக் கூடவே இருக்கும், வைரஸ் காய்ச்சல் வந்து போனால் கொஞ்சம் ஏறும். சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், மொத்த வெள்ளணு எண்ணிக்கையோடு சேர்த்து டாக்டர் பார்க்கட்டும்.

காசநோய்க்குக் கையில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொல்கிறார்களே, அன்றைக்கே பார்க்க முடியாதா?

முடியாது, ஏனென்றால் அந்தப் பரிசோதனையில் நாங்கள் பார்ப்பதே டி செல்லின் வேலையைத்தான். மான்டோ பரிசோதனை என்று பெயர். முழங்கைக்குக் கீழே உள்பக்கத் தோலில், தசைக்குப் போகாமல் தோலுக்குள்ளேயே, காசநோய்க் கிருமியின் புரதத்திலிருந்து எடுத்த டியூபர்குலின் 0.1 மில்லி போடுவோம். போட்டதும் கொப்புளம் மாதிரி வெளுத்து எழும்பும், அது மருந்து நிற்பதால் வருவது, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். ஏற்கெனவே காசநோய்க் கிருமியைப் பார்த்த நினைவு டி செல் உடம்பில் இருந்தால், அது அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனை விட்டு, மற்ற வெள்ளணுக்களை வரவழைத்து, அவை குவிந்து தோல் தடித்துப்போக 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அதனால்தான் திங்கட்கிழமை போட்டால் புதன் அல்லது வியாழன் வரச் சொல்கிறோம். கடலுக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு அடுத்த வாரம் வருகிறார்கள். வாசிக்க முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது, எனக்கே கஷ்டமாக இருக்கும்.

அளக்கும்போது சிவப்பை அளப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரிகிற தடிப்பு இருக்கிறதே, அதன் ஓரங்களைப் பேனாவால் குறித்து, கைக்குக் குறுக்குவாக்கில் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் எழுதுவோம். பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5-லேயே பாசிட்டிவ். போட்ட இடத்தைச் சொறிந்தோ, மஞ்சள் பூசியோ வந்தால் குழப்பமாகிவிடும், தயவுசெய்து வேண்டாம்.

பாசிட்டிவ் என்றால் காசநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உடம்பு அந்தக் கிருமியை எப்போதோ பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டதாலும் வரலாம். நெகட்டிவ் வந்தாலும் முழு நிம்மதி இல்லை. சத்துக்குறைவு, எச்.ஐ.வி., தட்டம்மை, ஸ்டீராய்டு மாத்திரை, இவற்றில் ஏதாவது ஒன்றால் டி செல் ஓய்ந்து கிடந்தால் நோய் இருந்தும் தோல் தடிக்காது. சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

பிறந்ததும் பி.சி.ஜி. போட்டிருக்கிறார்கள், தழும்பும் இருக்கிறது, பிறகு எப்படிக் காசநோய் வந்தது?

இடது தோளில் இருக்கிற அந்தத் தழும்பே டி செல்கள் அங்கே வேலை செய்ததன் அடையாளம். சில வாரம் கழித்துச் சின்னக் கட்டியாக எழும்பி, புண்ணாகி, ஆறியிருக்கும். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வருகிற காசநோயையும், உடம்பெல்லாம் பரவுகிற காசநோயையும் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது, அதற்காகவே கட்டாயம் போட வேண்டும். பெரியவர்களுக்கு நுரையீரலில் வருவதைத் தடுக்கிறதா என்று பார்க்கத்தான் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில் தடுக்கவில்லை என்று தெரிந்தது. நம் தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த விடைதான் உலகம் முழுக்க மேற்கோளாகப் போனது.

கிருமி உள்ளே போன பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆயுசு முழுக்க நோய் வராமலே போகும். டி செல்களும் மற்ற வெள்ளணுக்களும் கிருமியைச் சுற்றி அடைத்து வைத்திருக்கும். அது கொல்லப்படுவதில்லை, அடக்கி வைக்கப்படுகிறது. சர்க்கரை, சாப்பாட்டுக் குறைவு, புகை, எச்.ஐ.வி., ஸ்டீராய்டு என்று ஏதோ ஒன்று டி செல்லைத் தளர்த்தினால் அடைப்பு உடையும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்துப் பாருங்கள், பரிசோதனையும் மருந்தும் இலவசம், மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காகக் கணக்கில் வரும். இரண்டே மாதத்தில் உடம்பு தேறினாற்போல இருக்கும், ஆறு மாதத்தையும் முடிக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, நாள்கணக்கில் கடலில் தங்கிப் பிடிக்கிற தங்கலுக்குப் போய்விடாதீர்கள்.

எச்.ஐ.வி. ரிப்போர்ட்டில் சிடி4 என்று போட்டிருக்கிறதே, அது இந்த டி செல்தானா?

அதேதான். எச்.ஐ.வி. ஒட்டிக்கொள்வதே சிடி4 புரதத்தில்தான், அதனால் அது உதவி டி செல்லாகப் பார்த்து அழிக்கிறது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 500-லிருந்து 1,500 வரை இருப்பது, மருந்து இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் மெல்ல இறங்கி 200-க்குக் கீழே போகும்போது, மற்றவர்களை ஒன்றும் செய்யாத பூஞ்சையும் பாக்டீரியாவும்கூட ஆளைச் சாய்க்கும். உத்தரவு கொடுக்கிற செல் இல்லாததால் பி செல்லும் கொல்லும் டி செல்லும் இருந்தும் பலனில்லாமல் போகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது சென்னையில், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும். அன்றைக்கு மருந்தே இல்லை. 2004 ஏப்ரலிலிருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. 2017-இலிருந்து சிடி4 எவ்வளவு இருந்தாலும், தெரிந்த உடனே மருந்து ஆரம்பித்துவிடுவார்கள். தினமும் தவறாமல் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டால், தாம்பத்திய உறவின் மூலம் துணைக்குப் பரவாது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் இந்த ஒரு தகவல் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டிலும் பாயிலும் என்றைக்குமே அது பரவியதில்லை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பெயர் வெளியே தெரியாமல் பரிசோதனை செய்துகொள்ளலாம், 1097-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

சின்ன வயதில் அம்மை போட்டவருக்கு இப்போது அக்கி வந்திருக்கிறது, ஏன்?

அம்மை இறங்கினாலும் சின்னம்மை வைரஸ் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து கிடக்கும். அது மறுபடி எழாமல் வருஷக்கணக்கில் காவல் இருப்பது நினைவு டி செல்கள். வயது ஏறி, அல்லது சர்க்கரை, புற்றுநோய் மருந்து, ஸ்டீராய்டு காரணமாக அந்தக் காவல் தளர்ந்தால், வைரஸ் ஒரு நரம்பு வழியாக மட்டும் தோலுக்கு இறங்கி வரும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக, முதலில் எரிச்சலும் வலியும், அப்புறம் கொப்புளமுமாக வருகிறது.

நம் ஊர்களில் மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்கிற வழக்கம் இருக்கிறது. மனசுக்கு ஆறுதல் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, புண் உடைந்த இடத்தில் மட்டும் பூசாதீர்கள். ஆனால் வைரஸ் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் நன்றாக இருக்கும், எழுதிவிட்டு ஒரு வாரம் காத்திருந்து வந்தால் அந்த நேரம் போய்விட்டது. கொப்புளம் போன பிறகும் மாதக்கணக்கில் சட்டை பட்டாலே உயிர் போகிற நரம்பு வலி சிலருக்குத் தங்கிவிடுகிறது, வயதானவர்களுக்கு அது கூடுதல். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். அம்மையே வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அந்தக் கொப்புளத்தின் பக்கம் வர வேண்டாம்.

நண்டு, இறால் சாப்பிட்டால் அரிக்கிறது. அதுவும் டி செல்லா?

ஆரம்பித்து வைப்பது டி செல்தான். புழுவுக்கென்று இருக்கிற உதவி டி செல் பிரிவு, இறாலின் ட்ரோபோமயோசின் என்ற புரதத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டு, பி செல்லிடம் ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைச் செய்யச் சொல்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் சில நிமிஷத்திலேயே அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம். அந்தப் புரதம் வேகவைத்தாலும் அழியாது, காய வைத்தாலும் அழியாது, சென்னாக்கூனித் துவையலிலும் இருக்கும். இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெரும்பாலும் மீன் ஒத்துக்கொள்ளும், இரண்டின் புரதமும் வேறு. மூச்சு இழுத்தாலோ தொண்டை அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி, மாத்திரை போட்டு வீட்டில் இருக்கக் கூடாது. சூரை மீன் தின்று முகம் சிவந்து தலை வலிப்பது பலருக்கு அலர்ஜியே இல்லை, ஐஸ் போதாமல் மீனிலேயே ஹிஸ்டமின் ஊறியிருக்கும்.

டி செல் நேரடியாகத் தானே செய்கிற அலர்ஜி ஒன்று உண்டு, அது மெதுவாக வரும். பாசி எடுக்கப் போகிற பெண்கள் போடுகிற கண்ணாடியின் ரப்பர், கையுறை, கவரிங் தோடு, தலைக்கு அடிக்கிற சாயம், இவற்றால் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து, பட்ட இடத்தில் மட்டும் அச்செடுத்தாற்போலத் தோல் சிவந்து நீர் வடியும். சொறி மீன் பட்ட இடம் அப்போதே எரிவது அதன் விஷம், ஆனால் ஆறிய பிறகு சில நாள் கழித்து அதே கோட்டில் மறுபடி தடித்து அரித்தால் அது டி செல்லின் வேலை. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குத் தோல் ஏற்கெனவே ஊறி இருப்பதால் இது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பட்டை தோலில் படாத மாதிரித் துணி வைத்துப் போடுவது, வேறு பொருளுக்கு மாறுவது இரண்டும்தான் வழி, களிம்பு மட்டும் தடவிக்கொண்டிருந்தால் தீராது.

கட்டுப்படுத்தும் டி செல் என்று சொன்னீர்களே, அது எதைக் கட்டுப்படுத்துகிறது?

மற்ற டி செல்களை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. தைமஸில் அவ்வளவு வடிகட்டியும் நம் உடம்பையே தாக்கக்கூடிய சில டி செல்கள் தப்பி வெளியே வந்துவிடும். அவற்றை அடக்க ஒரு கூட்டம் இருந்தாக வேண்டும் என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி பல வருஷம் தேடினார். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னாலே மற்றவர்கள் நம்பாத நிலை, ஆனாலும் விடாமல் செய்து 1995-இல் காட்டினார். 2001-இல் அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும், பிறவியிலேயே தோல் செதில் செதிலாகி சில வாரத்தில் செத்துப்போகிற ஒரு எலி வகையை ஆராய்ந்து, ஃபாக்ஸ்பி3 என்ற ஒரே மரபணுவின் கோளாறு அது என்று கண்டுபிடித்தார்கள். அதே மரபணு கெட்ட ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதத்திலேயே சர்க்கரை, நிற்காத பேதி, தோல் நோய் எல்லாம் சேர்ந்து வரும். கட்டுப்படுத்தும் டி செல் உருவாகவே அந்த மரபணு வேண்டும் என்று பின்னால் தெரிந்தது. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

குழந்தைகளுக்கு வருகிற முதல் வகைச் சர்க்கரையில், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை டி செல்களே கொன்றுவிடுகின்றன. இனிப்பு தின்றதால் வந்தது என்று அந்தப் பிள்ளையையோ தாயையோ யாரும் குற்றம் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிற மருந்து, கஷாயம், பவுடர் நல்லதா?

டி செல்லை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது தவறு. கூடினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோம். அது தேவையான நேரத்தில் எழ வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். அதற்குப் பவுடர் தேவையில்லை. புரதம் போதாத குழந்தையின் தைமஸ் சுருங்கிப்போகும், துத்தநாகம் குறைந்தால் டி செல் வளர்ச்சி குறையும். நம் கரையில் மலிவாகக் கிடைக்கிற சாளையும் காரலும் நண்டும், கூடவே பயறும் முட்டையும் இந்த இரண்டையும் கொடுக்கும். நல்ல மீனையெல்லாம் கம்பெனிக்கு எடை போட்டுவிட்டு, வீட்டுப் பிள்ளைக்கு ரசம் சாதம் ஊட்டுவதைப் பார்த்தால்தான் மனசு கேட்கவில்லை. அட்டவணைப்படி தடுப்பூசி, பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரை, தூக்கம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, இதற்கு மேல் விற்கிற எதற்கும் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட்டு மாத்திரை வாங்கிப் போடுகிறோம். அதற்கும் டி செல்லுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. இரவெல்லாம் வலை இழுத்து, ஐஸ் பெட்டி தூக்கி வந்தவர் கடையில் “ஒரு செட்டு குடுங்க” என்று வாங்குகிற, அட்டையில்லாமல் பேப்பரில் மடித்துக் கொடுக்கிற அந்த நாலைந்து மாத்திரையில் பல சமயம் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கும். வலி சட்டென்று விடும், பசி எடுக்கும், தெம்பாக இருக்கும், அதனால் மறுபடி அதையே தேடி வருவார்கள். ஆனால் ஸ்டீராய்டு டி செல்களைச் சாகடிக்கும், மிஞ்சியவற்றின் சைட்டோகைன் செய்தியை நிறுத்தும். மாதக்கணக்கில் போடுகிறவருக்கு முகம் உப்பி, கை கால் மெலிந்து, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து, அடங்கிக் கிடந்த காசநோயும் அக்கியும் மேலே வரும். காய்ச்சல்கூடச் சரியாகக் காட்டாது என்பதால் நோய் முற்றிய பிறகுதான் தெரியும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அரிப்பு அன்றைக்கு நிற்கும், அந்த இடத்து டி செல்கள் ஓய்ந்துவிடுவதால் பூஞ்சை தாராளமாகப் பரவும்.

ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றியதே டெக்சாமெதசோன்தான், அங்கே பிரச்சினையே அடங்காத எதிர்ப்பு சக்தி. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்தும் ஸ்டீராய்டுதான், டாக்டர் சொன்னால் பயமில்லாமல் எடுங்கள். என்ன மாத்திரை என்று பெயர் தெரியாமல் சாப்பிடாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது. ஏற்கெனவே நீண்ட நாளாகச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தவும் கூடாது, திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

சிறுநீரகம் மாற்றியவர் ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டுமா?

ஆமாம். வேறு ஆளின் சிறுநீரகத்தில் வேறு எம்.எச்.சி. இருக்கும், டி செல் அதை விடாது. டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரை அந்த டி செல்களை அடக்கி வைக்கிறது. கடலுக்குப் போனாலும், திருவிழா என்றாலும், அதே நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

டி செல்லை வைத்துப் புற்றுநோயைக் குணப்படுத்துகிறார்களாமே?

சில புற்றுநோய்களுக்கு உண்மைதான். புற்றுநோய்ச் செல் டி செல்லின் மேல் இருக்கிற தடுப்பானை அழுத்தி அதை அடக்கி வைக்கும். அந்தப் பிடியை விடுவிக்கும் மருந்துக்கு வழி காட்டியதற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. இன்னொன்று கார் டி சிகிச்சை. நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றுநோய்ச் செல்லைக் கண்டுகொள்கிற புது ஏற்பியின் மரபணுவை அதில் வைத்து, பெருக்கி, திரும்ப ஏற்றுவார்கள். 2012-இல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு, குழந்தைகளில் முதலாவதாகக் கொடுத்தார்கள், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டாள். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய சிகிச்சைக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் சிறு பங்குதான் என்றாலும் லட்சக்கணக்கில் ஆகும். மற்ற சிகிச்சைக்கு அடங்காத சில வகை ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய்களுக்கு மட்டும்தான். எல்லாப் புற்றுநோய்க்கும் இங்கே கிடைக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனக்கு டி செல் எவ்வளவு இருக்கிறது என்று தனியாகப் பரிசோதித்துப் பார்க்கலாமா?

தேவையில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு சிடி4 பார்ப்பார்கள், எச்.ஐ.வி. மருந்து கொடுக்கிற அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம். பிறந்த சில மாதத்திலேயே வாய்ப்புண், நிற்காத பேதி, திரும்பத் திரும்ப நிமோனியா என்று வருகிற குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் பாருங்கள், அதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர் பார்த்தால் ஒரு எண் வரும். அது காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாறும், சளி பிடித்தால் மாறும், அதை வைத்து உங்களுக்கு எந்த மருந்தும் தரப்போவதில்லை. எங்கள் கூடத்துக்கு வந்து கேட்டாலும் இதையே சொல்லித்தான் அனுப்புவேன்.